வெட்டாத கம்பி

என் வலது கை விரல்கள் மரத்துப்போன விஷயத்தை எட்டு மாதம் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். ஆரம்பத்தில் காலையில் எழுந்ததும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் போகவில்லை. பிறகு எறும்பும் போய்விட்டது, ஒன்றுமே இல்லை. டீ கிளாஸைப் பிடித்தால் சூடு தெரியாது. பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் நாலு கிளாஸ் உடைந்தது.

“கிளாஸுக்கும் உனக்கும் என்னம்மா பகை?” என்றார் என் வீட்டுக்காரர்.

“இருக்கு ஆயிரம்” என்றேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு வருவதால் வீட்டில் ஒரு கேள்விக்கு மேல் கேட்க மாட்டார். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

வேறு யாருக்காவது இது வந்திருந்தால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பார்கள். எனக்கு வந்ததுதான் வம்பு. ஏனென்றால் எங்கள் சரணாலயத்தில் எனக்குப் பெயரே கட்டரக்கா.

கண்ணி எடுக்கிற வேலை எங்களுக்கு. வேட்டைக்காரர்கள் மிருகங்கள் நடக்கிற தடத்தில் கம்பியைச் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். பிரேக் ஒயர், வேலிக் கம்பி, எது கிடைக்கிறதோ அது. மிருகம் தலையையோ காலையோ உள்ளே விட்டால் போச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டாம், காவல் இருக்க வேண்டாம், நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் போதும். பல சமயம் வந்து பார்ப்பதும் இல்லை, வைத்த இடத்தையே மறந்துவிடுவார்கள். கம்பி மறக்காது. அது பாட்டுக்கு அங்கேயே இருந்து எது வந்தாலும் பிடிக்கும்.

நாங்கள் இரண்டிரண்டு பேராக நடந்து அதைத் தேடி எடுப்போம். நாங்கள் எடுப்போம், அவர்கள் வைப்பார்கள். பதினோரு வருடமாக இதே கூத்து. முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு மிருகத்துக்கும் அழுதேன். மூன்றாம் வருடம் வேட்டைக்காரர்களைத் திட்டினேன். அதற்கப்புறம் அழுகையும் இல்லை, திட்டும் இல்லை. மனசு எப்போது மரத்தது என்று தேதி சொல்லத் தெரியாது. விரல்களுக்காவது மாதம் தெரியும்.

என் ஜோடி நெட்டை. ஆறடி மூன்று அங்குலம், கிளையில் இடிக்காமல் அவன் ஒரு நாளும் காட்டைக் கடந்ததில்லை. இடித்தால் கிளையிடம் “சாரி” சொல்வான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். ஆறு வருடமாக என்னோடு நடக்கிறான்.

ஒரு கண்ணிக்கு நாலு காரியம் செய்ய வேண்டும். சுருக்கில் சாயம் வைக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அவிழ்க்க வேண்டும், வெட்ட வேண்டும். சாயம் எதற்கென்றால், சில ஜோடிகள் ஒரே கம்பியை இரண்டு நாள் போட்டோ எடுத்து எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஜோடிக்கு ஒரு நிறம் என்று ரேஞ்சர் மேடம் ஆக்கிவிட்டார். எங்களுக்கு மஞ்சள். ஆபீசில் சாயம் தரவில்லை, வழக்கம்போல. எல்லோரும் நகப்பூச்சு வாங்கி வைத்துக்கொண்டோம். நெட்டையின் சட்டைப் பையில் மஞ்சள் நகப்பூச்சைப் பார்த்துவிட்டு அவன் மனைவி இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவள் அதை எடுத்துத் தன் காலில் பூசிப் பார்த்துவிட்டு, “இந்த நிறத்தை எந்தப் பொம்பளையும் பூச மாட்டா, நீ சொன்னது நிஜம்தான்” என்று விட்டுவிட்டாளாம்.

சாயமும் போட்டோவும் அவன் வேலை. அது முடிந்ததும் அவன் அடுத்த கண்ணியைத் தேடி முன்னால் போய்விடுவான். வேட்டைக்காரர்கள் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள், ஒரே வரிசையில் பத்துப் பதினைந்து வைப்பார்கள். நான் பின்தங்கி அவிழ்த்து, மூன்று இடத்தில் வெட்டிச் சாக்கில் போடுவேன். ஒரே இடத்தில் வெட்டினால் போதாது, பாதிக் கம்பி முயலுக்குக் கண்ணியாகும். “வெட்டினாத்தான்க்கா அது இரும்பு. வெட்டலைன்னா அது இன்னும் கண்ணிதான்” என்று ரேஞ்சர் மேடம் பயிற்சியில் சொல்வார். வயதில் என்னைவிடச் சின்னவர், ஆனால் சொல்லில் சுத்தம்.

டக், டக், டக். ஒரு கம்பிக்கு மூன்று சத்தம், மூச்சு விடுகிற நேரம். சரணாலயத்தில் என்னைவிட வேகமாக வெட்டினவர்கள் கிடையாது. ஒருமுறை போட்டி வைத்துப் பார்த்தார்கள், கல்லுடைக்கிற கை வைத்திருக்கும் ஆம்பளைகள் ஏழு பேரை ஓரங்கட்டினேன். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் கட்டரக்கா. அந்தப் பெயர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விரல் மரத்த பிறகு கட்டரை அழுத்த முடியவில்லை. இரண்டு கையால் அழுத்திப் பார்த்தேன், முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு கம்பிக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நெட்டை ஐந்து கண்ணி தள்ளிப் போயிருப்பான். முதல் நாள் ஒரு கம்பியை மட்டும் வெட்டாமல் சுருட்டிச் சாக்கில் போட்டேன். ஸ்டேஷனில் பட்டறை மேஜைமேல் பெரிய கட்டர் இருக்கிறது, கால் பலத்தில் மிதித்து வெட்டுவது, அதில் வெட்டிக்கொள்ளலாம் என்று. ஸ்டேஷனுக்கு வந்தால் பட்டறையில் ஆள் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாக்கை டிரம்மில் கவிழ்த்தேன். வெட்டிய துண்டுகள் மேலே, முழுக்கம்பி அடியில்.

நாளைக்கு என்று ஒரு நாள் வரவே இல்லை. எட்டு மாதம் முழுக்கம்பிகளாகப் போட்டேன். மேலே தூவுவதற்கு மட்டும் தினமும் இரண்டு மூன்று கம்பியைப் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவேன், அவ்வளவுதான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் உடல்தகுதிச் சோதனைக்கு அனுப்புவார்கள், அதில் தேறாதவர்களைக் கேட்டில் உட்கார வைப்பார்கள். கேட் என்றால் ஒரு நாற்காலி, ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் தடுப்புக் கட்டை மேலே போகும், விட்டால் கீழே வரும். முன்பு அங்கே இருந்தவருக்குப் பூட்டு என்று பெயர். அவரை அதிகம் கேலி செய்தவள் நான்தான். ஒரு நாள்கூட நான் அங்கே உட்கார மாட்டேன் என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன், அவர் காதுபடவே.

ஒரு திங்கட்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற தடத்தில், மானைப் பார்த்தோம்.

பெண் மான். பின்னங்காலில் மாட்டியிருந்தது. கம்பி எட்டுகிற தூரம் வரை வட்டமாகப் புல்லே இல்லை, எல்லாம் குளம்பால் கிளறின மண். மரத்தின் பட்டை ஒரு பக்கம் முழுக்க உரிந்திருந்தது. செத்து இரண்டு நாள் இருக்கும். மடி கனத்திருந்தது, அப்படியென்றால் குட்டி எங்கேயோ இருக்கிறது, அல்லது இருந்தது. நான் நின்று பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று யோசித்தேன். பொய் சொல்லவில்லை, அதைத்தான் யோசித்தேன்.

நெட்டை சாயம் வைக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

“அக்கா.”

“என்னடா?”

“மஞ்சள் இருக்கு.”

“வெச்சிட்டியா? அப்ப போட்டோ எடு.”

“நான் இன்னும் பாட்டிலையே திறக்கலைக்கா. முன்னாடியே இருக்கு.”

நானும் குனிந்து பார்த்தேன். சுருக்கின் கண்ணில், காய்ந்து வெடித்து, பாதி உரிந்த மஞ்சள். உலகத்தில் எந்தப் பெண்ணும் பூசாத மஞ்சள்.

எனக்கு வந்தது துக்கம் இல்லை, பயம். துக்கத்துக்கும் பயத்துக்கும் வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும்.

“நாம எடுத்த கம்பி எப்படிக்கா திரும்பி வரும்?” என்றான் நெட்டை. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான்.

“எனக்கு என்னடா தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் ரேஞ்சர் மேடத்தின் அறையில் அந்தக் கம்பி மேஜைமேல் கிடந்தது. மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பலகை, அதன் அடியில் பழைய வரைபடம், சுவரில் நின்றுபோன கடிகாரம். மேடம் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டினார்.

“வெட்டே இல்ல. முழுசா இருக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அக்கா, நீங்க எடுக்குற கம்பியெல்லாம் வெட்டித்தானே போடுறீங்க?”

“வெட்டித்தான் போடுறேன்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

மேடம் தலையாட்டினார். கட்டரக்கா வெட்டாமல் போடுவாளா என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை. அவர் பார்வை நெட்டை பக்கம் திரும்பிற்று. நெட்டையின் அண்ணன் ஆறு வருடத்துக்கு முன்னால் கண்ணி வைத்துப் பிடிபட்டவன். அதற்கப்புறம்தான் நெட்டை இந்த வேலைக்கே வந்தான், வீட்டுக்குப் பட்ட கறையைத் துடைக்க என்று. கறை துடைத்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, பட்டதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

“சாயம் வெச்சுப் போட்டோ எடுத்துட்டு, அக்கா வர்றதுக்குள்ள ஒண்ணு ரெண்டு உன் பைக்குள்ள போயிடலையே?” என்றார் மேடம்.

“இல்ல மேடம்.”

“உங்க அண்ணன் இப்ப எங்க இருக்கான்?”

“வீட்லதான் இருக்கான் மேடம். கோழி வளர்க்குறான்.”

“வெள்ளிக்கிழமை மேலிடத்துலேருந்து விசாரணைக்கு வர்றாங்க. அதுவரைக்கும் நீ நடக்க வேண்டாம். ஸ்டேஷன்லயே இரு.” குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசம். விசாரணையில் வேறு விதமாகத் தெரியாவிட்டால் வேலை போகும், வழக்கும் வரும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

வெளியே வந்ததும் நெட்டை நிலைப்படியில் இடித்துக்கொண்டான். “சாரி” சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போனேன். எனக்கு இன்னொரு பயம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் டிரம்மிலிருந்து இருபது முழுக்கம்பியை என் வீட்டுக்காரர் எடுத்து வந்திருந்தார். என்னைக் கூட்டிப்போக வேனோடு வந்தவர், “இவ்வளவு நல்ல கம்பி சும்மா கிடக்கே” என்று சப்புக்கொட்டினார். பீன்ஸ் கொடி ஏற்றப் பந்தல் போட வேண்டுமென்றார். எடுத்துக்கோங்க என்றேன். அவர் சீட்டாடுகிற கூட்டத்தில் இரண்டு பேர் எனக்குப் பிடிக்காதவர்கள். மானைப் பார்த்ததிலிருந்து அந்த இரண்டு முகமும் என் கண்முன்னால் நின்றன.

பந்தலில் பீன்ஸ் காய்த்துத் தொங்கிற்று. இலையை விலக்கி விலக்கி எண்ணினேன். ஒவ்வொன்றிலும் மஞ்சள்.

“என்னத்த எண்ணுற?” என்று கேட்டார் வீட்டுக்காரர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“பீன்ஸை.”

“எண்ணி எண்ணித்தான் சமைக்கணுமா? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கு.”

இருபதும் இருந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூச்சமாக இருந்தது. சாய்ந்திருந்தபோதே அடுத்தது தோன்றிற்று. போன மாதம் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று ஸ்டேஷனைச் சுத்தம் செய்தோம். பழைய டயர், உடைந்த நாற்காலி, கண்ணித் துண்டு நிரம்பின நாலு டிரம், எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று, எங்கள் சரணாலயத்து லாரியிலேயே. டிரம்மைத் தூக்கி ஏற்றும்போது ஒரு பக்கம் நெட்டை பிடித்தான், மறுபக்கம் நான். என்னக்கா இவ்வளவு கனம் என்று கேட்டான். எவ்வளவு உழைச்சிருக்கோம் பாரு என்றேன்.

பழைய இரும்புக் கடைக்காரருக்கு என்ன தெரியும்? துண்டு துண்டாக இருந்தால் உலைக்குப் போயிருக்கும். நல்ல முழுக்கம்பியைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். கேட்டு வந்தவனுக்குக் கொடுத்திருப்பார். திருடன் யாரும் இல்லை இதில். நானே எடுத்து, நானே சுருட்டி, நானே ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். இறங்கிற்று. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய், புதன், வியாழன். வேறு ஆளோடு நடந்தேன். அவன் புதுசு, பயபக்தியோடு என் பின்னாலேயே நின்று கட்டரைத் தானே வாங்கிக்கொண்டான். “அக்கா, நான் கத்துக்கணும், நானே வெட்டுறேன்” என்றான். இப்படி ஒருத்தனை எட்டு மாதத்துக்கு முன்னால் தேடிக்கொண்டிருக்கலாம். புதன்கிழமை இன்னொரு ஜோடி இரண்டு மஞ்சள் கம்பி கொண்டு வந்தது. ஒன்றில் காட்டுப்பன்றியின் கால் மட்டும் இருந்தது. அது கடித்து அறுத்துக்கொண்டு போயிருந்தது. வியாழக்கிழமை மூன்று வந்தது.

ஒவ்வொன்று வரும்போதும் ஸ்டேஷனில் எல்லோரும் நெட்டையைப் பார்த்தார்கள். அவன் பட்டறைப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே எல்லோருடைய ஷூவுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவன் காலுக்கு அந்த பெஞ்சு போதாது, முழங்கால் நெஞ்சில் முட்டிற்று. மதியம் நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்லலைக்கா. அண்ணன்தான் அழுதான். ‘நான் செஞ்சதுக்கு நீ அனுபவிக்கிற’ன்னு. கோழியெல்லாம் மிரண்டுபோச்சு.” சிரிக்கப் பார்த்தான். “நீங்க என்னை நம்புறீங்கதானேக்கா?”

“நம்பாம என்னடா.”

“அது போதும்” என்றான்.

அவனுடைய டப்பாவிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தான். வைத்ததும் அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, இந்தத் தடவை என் இடது கையில் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் தின்றேன்.

வெள்ளிக்கிழமை. மேலிடத்து அதிகாரி பளபளக்கிற ஷூவோடு வந்து மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மேடம் பக்கத்தில் முக்காலியில். மேஜைமேல் ஆறு மஞ்சள் கம்பி, வரிசையாக. அதற்குப் பக்கத்தில் என் கட்டர், சிவப்புப் பிடி போட்டது, அடையாளத்துக்காக வைத்திருந்தார்கள்.

அதிகாரி நெட்டையைத்தான் கேட்டார்.

“அந்தம்மா கம்பியை வெட்டுறதை நீ பார்த்திருக்கியா?”

“நான் முன்னாடி போயிடுவேன் சார். பார்த்ததில்ல.”

“அப்ப அவங்க வெட்டினாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

நெட்டை தரையைப் பார்த்தான். “அக்கா வெட்டினேன்னு சொன்னா வெட்டியிருப்பாங்க சார்.”

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். “அப்ப வெட்டாத கம்பி வெளிய போயிருந்தா, அது அவங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கணும். சரிதானே?”

அவன் காது நுனி சிவந்தது. அவ்வளவு உயரமான ஆள் அவ்வளவு சின்னதாகி நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதுகூட என் நெஞ்சு உருகிவிடவில்லை. வாயைத் திறந்தால் மறுபடியும் பொய்தான் வரும் என்று மட்டும் தெரிந்தது. அந்த வாயை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

எழுந்து போய் மேஜையிலிருந்த கட்டரை எடுத்தேன். இடது கையில் ஒரு மஞ்சள் கம்பியைப் பிடித்தேன்.

“என்னம்மா பண்றீங்க? அது சாட்சிப் பொருள்” என்றார் அதிகாரி.

“பாருங்க” என்றேன்.

கம்பியைக் கட்டரின் வாயில் கொடுத்து அழுத்தினேன். அழுத்தினேன் என்று நான் நினைத்தேன். கட்டர் மூடவில்லை. மறுபடி அழுத்தினேன். தோளிலிருந்து பலத்தை எல்லாம் கொண்டுவந்தேன், பல் நறநறவென்றது, கம்பி வழுக்கிற்று. விட்டுவிட்டு மறுபடி கொடுத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. அறையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, விடுங்க” என்றான் நெட்டை. “ரத்தம்.”

பார்த்தேன். பிரிந்த கம்பி நுனி ஆள்காட்டி விரலின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. கண்ணாடிப் பலகையின்மேல் ரத்தம் சொட்டி, அடியிலிருந்த வரைபடத்தில் எங்கள் காட்டின் மேற்குப் பக்கம் மறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

“எட்டு மாசமா இப்படித்தான் இருக்கு” என்றேன். “நான் வெட்டலை. டிரம்ல முழுசா போட்டேன். பழைய இரும்புக் கடைக்குப் போனது என் கம்பி. இவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுதினதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

நெட்டை தன் கைக்குட்டையால் என் விரலைக் கட்டினான். இறுக்கிக் கட்டினானா, லேசாகக் கட்டினானா, எனக்குத் தெரியவில்லை. கட்டி முடித்து நிமிர்ந்தபோது அவன் கண் நிறைந்திருந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம்.

“சத்தம் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்க்கா” என்றான் மெதுவாக. “முன்னாடி நடக்குறப்ப மூணு சத்தம் கேக்கும், அப்புறம்தான் அடுத்த கண்ணிக்குக் கண்ணைத் திருப்புவேன். கொஞ்ச நாளா கேக்கலை. கட்டரக்காவைப் போய் யாரு கேக்குறதுன்னு விட்டுட்டேன்.” மூக்கை உறிஞ்சினான். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வெட்டியிருப்பேனே. யாருக்கும் தெரியாம நானே வெட்டிப் போட்டிருப்பேனே. நீங்கதான் கட்டரக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டும் இருந்திருப்பேன்.”

நான் கைக்குட்டையில் ரத்தம் ஊறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோக்களை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். வெட்டாமல் போனது முன்னூற்றுப் பத்து. இருபது என் வீட்டுப் பந்தலில் இருந்தது. என் வீட்டுக்காரர் காயோடு கொடியோடு பந்தலைப் பிரித்து, திண்டாடித் திண்டாடி ஒவ்வொரு கம்பியையும் மூன்று இடத்தில் வெட்டினார். எதற்கென்று ஒரு கேள்விதான் கேட்டார். பழைய இரும்புக் கடையில் மேடமே போய் முப்பத்தொன்றைப் பிடித்தார். ஏற்கெனவே பிடிபட்ட ஆறு போக, மீதி இருநூற்று ஐம்பத்து மூன்றும் காட்டுக்குள் எங்கெங்கோ வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.

டாக்டர் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். முன்னாடியே வந்திருக்கலாமே என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாற்காலி, ஒரு கயிறு. இடது கையால் இழுக்கப் பழகிக்கொண்டேன். புதுசாக வந்தவர்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது, என் காதுபடச் சொல்வதில்லை. அந்த மட்டில் என்னைவிட நல்லவர்கள்.

தினமும் சாயங்காலம் ஜீப் வரும். நெட்டை முன்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பான். என்னோடு பேசுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரலைக் காட்டுவான். இரண்டு விரல் என்றால் அன்றைக்கு மஞ்சள் இரண்டு. மூன்று என்றால் மூன்று. மூடின கை என்றால் ஒன்றும் இல்லை. நான் தலையாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பேன். நூற்றுத் தொண்ணூற்று நாலு கம்பி பாக்கி என்று ஆகும்வரை இப்படியே போயிற்று.

நேற்று ஜீப் நின்றது. ஒரு விரல் காட்டினான். நான் கயிற்றை இழுக்கப்போனேன். அவன் கதவைத் திறந்து இறங்கினான்.

ஜீப்பின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஓரத்தில் ஒரு குளம்பு தெரிந்தது. என் சுண்டுவிரல் நகம் அளவுதான். வளராத குட்டி.

“உயிரோடவா?” என்றேன்.

“இல்லக்கா.” இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை. “கழுத்துல. மிருக டாக்டர் பார்க்கணும்னாங்க, கம்பியோட அப்படியே எடுத்துட்டு வந்தோம். அவங்க பார்த்துட்டாங்க. பின்பக்கம் புதைக்கப் போறோம்.”

தார்ப்பாயை விலக்கி, குட்டியின் கழுத்திலிருந்து கம்பியைத் தளர்த்தி எடுத்தான். மஞ்சளை நான் பார்க்க வேண்டும் என்று காட்டவில்லை. மறைக்கவும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

நெட்டை இடுப்பிலிருந்து கட்டரை எடுத்தான். சிவப்புப் பிடி போட்டது, என்னுடையது. என் நாற்காலிக்கு முன்னால், தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

டக்.

டக்.

டக்.

எனக்குக் கேட்க வேண்டும் என்று வெட்டினானா, நான் பார்த்துத் தொலைக்க வேண்டும் என்று வெட்டினானா, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினான். நூற்றுத் தொண்ணூற்று மூன்று என்றேன். ஆமாம் என்று தலையாட்டினான். நான் கயிற்றை இழுத்தேன்.